அம்மா அறை – எல்லாம்

மார்ச் 4, செவ்வாய்

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நேராகவே கேட்கிறேன். சனிக்கிழமை மாலை நாலு இருபதுக்கு அம்மாவின் ஆக்சிஜன் மெஷினை அணைத்தது நீயா?

போனில் கேட்டிருக்கலாமே என்பாய். என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய், உன் எண்ணை நான் தடுத்து வைத்திருக்கிறேன். இந்த ஒரு காரியத்தில்தான் நாம் ஒத்துப்போகிறோம். எழுதுவதில் ஒரு வசதியும் உண்டு, நடுவில் நீ குறுக்கே பேச முடியாது.

முதல் தடவை நடந்தபோது உன்னைச் சந்தேகப்பட எனக்கே கூச்சமாக இருந்தது, ஆனாலும் டாக்டரிடம்கூடச் சொல்லிப் புலம்பினேன். பிப்ரவரி இருபது, வியாழன். நாம் மூன்று பேரும் ஸ்பீக்கரில் பேசி, பேச்சு சண்டையாகி, போன் அறுந்த அதே மதியம். ஒன்று பத்துக்கு மெஷின் நின்றது. நின்றால் அது கத்தும். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா தன் மெஷினை மிதித்துக்கொண்டிருந்ததால் அந்தக் கத்தல் அவர் காதில் விழப் பதினோரு நிமிடம் ஆயிற்று. அவர் ஓடிப் போய்ப் பார்த்தபோது அம்மாவின் உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. அவர்தான் தேடிப் பிடித்துப் பிளக்கின் பொத்தானை அழுத்தினார். அதன் பிறகு எட்டு நாள் ஆஸ்பத்திரி. அது உனக்கும் தெரியும், சித்தி சொல்லியிருப்பாள்.

வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு அழைத்து வந்தேன். மறுநாளே மறுபடியும். இந்த முறை நாற்பது வினாடிதான், அம்மாவே பொத்தானை அழுத்திவிட்டாள். "ஒண்ணுமில்ல, பிளக் லூசா இருந்துச்சு" என்கிறாள். பிளக் லூசாக இல்லை, நான் ஆட்டிப் பார்த்தேன். என் ஆப்பில் இரண்டு தடவையும் ஒரே வாசகம்: "வேறு செயலி வழியாக அணைக்கப்பட்டது." அந்த வீட்டில் வேறு செயலி என்றால் அது உன்னுடையது.

நான் வாங்கிப் போட்டவை என் ஆப்பில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. மெஷினின் பிளக், வாசல் கதவுப் பூட்டு, சமையலறைப் புகை மணி, ஒரு ஸ்பீக்கர். நீ வாங்கி அனுப்பியவை உன் ஆப்பில். விளக்கு, மின்விசிறி, ரேடியோ பாடும் இன்னொரு ஸ்பீக்கர். என் ஸ்பீக்கருக்கு ராணி என்றும் உன்னுடையதற்கு மந்திரி என்றும் அம்மா பேர் வைத்து, "ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசாது, நான் பெத்ததுங்க மாதிரியே" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படியே விட்டிருக்கலாம். இரண்டையும் இணைக்கிறேன் என்று நீதான் அந்த வெள்ளைப் பெட்டியைக் கூரியரில் அனுப்பினாய். பாலம் என்றாய். புதன்கிழமை மாலை நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்து நானே மாட்டினேன். வியாழக்கிழமை மெஷின் நின்றது.

கோபத்தில் ஏதோ ஒரு பொத்தானைத் தட்டியிருந்தால் சொல்லிவிடு. திட்ட மாட்டேன் என்று சொல்ல முடியாது, ஆனால் தெரிந்தால் நிம்மதி. தெரியாததுதான் என்னைத் தின்கிறது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும்போதும் அதே நினைப்பு. நேற்று ஒருவருடைய லென்ஸ் இரண்டு கீறலோடு போயிற்று.

இது தெளியாவிட்டால் அம்மாவை அந்த வீட்டில் வைத்திருக்க முடியாது. பராமரிப்பு இல்லத்தில் ஒரு படுக்கைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஏப்ரல் பதினைந்து.

அக்கா


மார்ச் 11, செவ்வாய்

அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் பெட்டியின் கூரை மேல் உட்கார்ந்து படித்தேன். படித்து முடிக்கும்வரை உள்ளே மாட்டிக்கொண்ட இரண்டு பேர் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

நான் அணைக்கவில்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன். பெற்ற தாயின் மூச்சில் கை வைப்பேனா? உனக்கு என் மேல் ஆயிரம் இருக்கலாம், அம்மாவை உன் தலையில் கட்டிவிட்டு இந்தத் தூர தேசத்துக்கு வந்துவிட்டான் என்று. அது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் இது வேறு.

நீ சொன்ன நேரங்களை என் ஆப்பில் தேடினேன். பிப்ரவரி இருபது, ஒன்று பத்துக்கு ஒன்றுமே இல்லை. மார்ச் ஒன்று, நாலு இருபதுக்கும் இல்லை. அந்த இரண்டு நாளிலும் பதிவாகியிருப்பது ஒரே ஒரு சமாசாரம், அம்மாவின் "போதும்". முதல் நாள் காலை ஒன்பது நாற்பது. அவள் பாட்டு கேட்கிற நேரம். அடுத்தது பகல் பன்னிரண்டு ஐம்பது, சாப்பாட்டு வேளையாக இருக்கும்.

அந்தப் போதும் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மந்திரியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, பிறகு கட்டளை சொல்லி, அது இரண்டு தடவை "புரியவில்லை" என்று சொல்ல, அம்மா வெறுத்துப் போய்விட்டாள். "என்னடா இது, மாப்பிள்ளை வீட்டாரக் கெஞ்சற மாதிரி கெஞ்ச வேண்டியிருக்கு" என்றாள். அதனால் பேர் சொல்லாமலே அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அது காது கொடுக்கும்படி வைத்தேன். சோறு போட்டால் போதும், பாட்டு நீண்டால் போதும், நான் போனில் வளவளத்தால் போதும். உலகத்தில் அவளுக்குப் பிடித்த சொல் அதுதானே. அவள் போதும் என்றால் ரேடியோ, விளக்கு, மின்விசிறி எல்லாம் நிற்கும். ஒரு வருஷமாக அப்படித்தான், ஒரு குறையும் வந்ததில்லை. இப்போதெல்லாம் அதைக்கூட அவள் சொல்வதில்லை போலிருக்கிறது. மார்ச் ஒன்றுக்குப் பிறகு ஒரு பதிவும் காணோம்.

நீ என்னைக் கேட்டாய், நான் உன்னைக் கேட்கிறேன். அன்றைக்கு ஏன் போனை வெட்டினாய்? அறையில் கேமரா வைக்கலாம் என்றுதான் சொன்னேன். "அம்மா என்ன கடையில வெச்ச சரக்கா, காமிரா வெச்சுப் பாத்துக்க" என்றாய். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போறவ பேசறியா" என்றேன். அது தப்புதான். உன் கடையிலிருந்து வீடு ஒன்றேகால் மணி நேரம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்காக அம்மா லைனில் இருக்கும்போதே வெட்டுவாயா? அதில்தான் எனக்கு ரோஷம் வந்து உன் எண்ணைத் தடுத்தேன்.

பராமரிப்பு இல்லம் வேண்டாம். அவள் அந்த ஜன்னலை விட்டு வர மாட்டாள். வந்தாலும் இருக்க மாட்டாள்.

தம்பி


மார்ச் 18, செவ்வாய்

தம்பிக்கு,

நான் வெட்டவில்லை. நீ வெட்டினாய் என்றுதான் இந்த நிமிஷம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். "வந்துட்டுப் போறவ" என்று சொன்னாய், நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், லைன் செத்துவிட்டது. சொல்லிவிட்டு ஓடிவிட்டான், கோழை என்று நினைத்தேன். அம்மா நடுவில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நாம் இருவரும் போட்ட சத்தத்தில் என்ன என்று விளங்கவில்லை.

பிறகு நடந்ததை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. போனை மேசை இழுப்பறையில் வீசி மூடிவிட்டுத் தேய்க்கிற மெஷினில் போய் உட்கார்ந்தேன். ஒரு நிமிடத்துக்குள் இழுப்பறைக்குள் போன் அதிர்ந்தது. மறுபடி அதிர்ந்தது. மூன்றாவது தடவையும். நீதான் சமாதானம் பேசக் கூப்பிடுகிறாய் என்று நினைத்து, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அது நீ இல்லை. பிளக் நின்றுவிட்டது என்று என் ஆப் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கடையிலிருந்தே ஒரு தட்டுத் தட்டி மெஷினைத் திரும்பப் போட்டிருக்கலாம், அதற்காகத்தானே அந்தப் பிளக்கை வாங்கினேன். பதினோரு நிமிடத்தில் பத்து நிமிடம் என்னுடையது. உன்னைக் குற்றம் சொல்லி எழுதிய கையாலேயே இதையும் எழுதுகிறேன்.

இப்போது போனைக் கையை விட்டு வைப்பதே இல்லை. குளிக்கும்போது பாலித்தீன் பையில் போட்டு எடுத்துப் போகிறேன். பிளக்கைக் கழற்றிவிட்டு மெஷினை நேரே சுவரில் செருகலாம் என்று தோன்றும். மின்சாரம் போனால் எனக்கு யார் சொல்வார்கள் என்று மறுபடி விட்டுவிடுவேன். உன் பேரை என் ஆப்பிலிருந்து எடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அது போதுமா என்றும் தெரியவில்லை.

இல்லத்துக்காரர்கள் கூப்பிட்டார்கள். வெளிச்சமான அறை, இருபத்து நாலு மணி நேரமும் நர்ஸ். அம்மாவிடம் லேசாகச் சொல்லிப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாற்காலியை ஏன் சுவரோரம், பிளக் பக்கத்தில் இழுத்துப் போட்டிருக்கிறாய் என்று கேட்டேன். அங்கேதான் காற்று வருகிறதாம். அங்கே எந்தக் காற்று வருகிறது?

ஒரே ஒரு நல்ல செய்தி. அவளுக்குப் பசி திரும்பியிருக்கிறது. முன்பு இரண்டு கரண்டி வைத்தால் அலறுவாளே, இப்போது வைக்க வைக்க மறுபேச்சு இல்லாமல் சாப்பிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது தடவை போட்டபோதுதான் தட்டை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர். காரமா என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினாள். ரேடியோவும் நாள் முழுக்கப் பாடிக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் சந்தோஷமாக இருக்கிறாள் என்றுதான் நினைக்கிறேன்.

அக்கா


மார்ச் 25, செவ்வாய்

அக்கா,

இது வருவதற்கு முன்பே உன் கடை முதலாளி சொல்லியிருப்பார். இன்று காலை அவருக்குப் போன் செய்தேன், நீ என்னை இன்னும் தடுத்து வைத்திருப்பதால் உன் போனுக்கு லைன் போகவில்லை. இரண்டே விஷயம் சொன்னேன். வெள்ளைப் பெட்டியைப் பிடுங்கச் சொல்லுங்கள், மெஷினை நேரே சுவரில் மாட்டச் சொல்லுங்கள். அந்த மனுஷன் எழுதிக்கொண்டு, திருப்பி வாசித்துக் காட்டினார். நல்லவர். மற்றதை அவரிடம் சொல்ல முடியாது.

என் பிழைப்பே நேரம் பார்ப்பதுதான். லிஃப்ட் நின்றது எத்தனை மணி என்று குடியிருப்பவர் ஒன்று சொல்வார், லிஃப்டின் மூளை ஒன்று சொல்லும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பழுது தெரிந்துவிடும். ஊரார் லிஃப்டுக்கெல்லாம் இதைச் செய்கிறவன், சொந்த அம்மாவுக்குச் செய்யவில்லை. என் ஆப் என் போனின் நேரத்தைத்தான் காட்டுகிறது, அக்கா. இங்கே உங்களைவிட மூன்றரை மணி பின்னால். ஒன்பது நாற்பதோடு மூன்றரையைக் கூட்டு. ஒன்று பத்து. பன்னிரண்டு ஐம்பதோடு கூட்டு. நாலு இருபது.

அணைத்தது அவளுடைய போதும்.

நான் ஒரு வருஷம் முன்னால் போட்ட தொகுப்புக்கு "அம்மா அறை – எல்லாம்" என்று பேர். அதில் மூன்று பொருள்தான் இருந்தன. உன் ஆப்பில் நீயும் அந்த அறைக்கு அம்மா அறை என்றே பேர் வைத்திருக்கிறாய். நம் இருவருக்கும் ஒத்துப்போன ஒரே பேர். பாலம் அதைப் பார்த்து, இரண்டும் ஒரே அறைதானே என்று அந்த அறையிலிருந்த உன்னுடையதையும் என் தொகுப்புக்குள் கொண்டு வந்து கொட்டிவிட்டது. இன்று திறந்து பார்த்தால் ஐந்து பொருள். நாலாவதாக உன் ராணி, அன்றைக்கு நாம் மூன்று பேரும் பேசிக்கொண்டிருந்ததே அதன் வழியாகத்தான். ஐந்தாவதாக அந்தப் பிளக். ஒன்றையும் சரிபார்க்காமல் உன்னை மாட்டச் சொன்னவன் நான். வீடியோவில் சிரித்துக்கொண்டே வேறு சொல்கிறேன், "அவ்வளவுதான், ரொம்ப சுலபம்" என்று.

மந்திரி அந்தச் சொல்லைக் கேட்கும்போது முன்னும் பின்னும் சில வினாடி குரலைப் பதிந்து வைக்கும். இரண்டையும் போட்டுக் கேட்டேன். முதலாவதில் நாம்தான் இருக்கிறோம். நான் கத்துகிறேன், நீ கத்துகிறாய். நடுவில் அம்மா, "போதும்டி... போதும்டா, போதும்." அத்தோடு நம் குரல் இரண்டும் பட்டென்று நிற்கிறது. நீயும் வெட்டவில்லை, நானும் வெட்டவில்லை. நம் சண்டையை நிறுத்தச் சொன்னாள், அந்தப் பெட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. பிறகு மெஷின் கத்துகிற சத்தம். அதுவும் மூன்று வினாடிதான் இருக்கிறது.

இரண்டாவதை எழுதக் கை வரவில்லை. அதில் சண்டை இல்லை, பாட்டு இல்லை, ஒருவரும் இல்லை. மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும். பிறகு அம்மா ஒரே ஒரு தடவை, மெதுவாக, தெளிவாக, "போதும்" என்கிறாள். மெஷின் நிற்கிறது.

யாரிடம் சொன்னாள்? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள். தனியாக. என்ன ஆகும் என்று தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா? இருபது தடவை கேட்டுவிட்டேன், எனக்குப் புரியவில்லை. அவளுக்கே போதும் என்று ஆகிவிட்டதா, அக்கா? நாம் ஆக்கிவிட்டோமா?

நான் போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாள். நீ முகத்தைப் பார்த்துக் கேள். விடுப்பு கேட்டிருக்கிறேன், மே மாதத்துக்கு முன்னால் கிடைக்காது என்கிறார்கள். உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனாலும் இதை மட்டும் எழுதியே சொல். போனில் கேட்டால் தாங்க மாட்டேன்.

தம்பி


ஏப்ரல் 2, புதன்

தம்பிக்கு,

பெட்டியை அன்றைக்கே பிடுங்கிவிட்டேன். மெஷின் சுவரில் இருக்கிறது. முதலாளி நான் கேட்காமலே அரை நாள் விடுமுறை கொடுத்தார்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. கேட்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. ஒரு தடவை கேட்க ஆரம்பித்து, தலைவலி மாத்திரை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வந்தேன். இன்று லீவு போட்டுவிட்டுப் போய் எதிரே உட்கார்ந்தேன். "அன்னிக்கு சனிக்கிழமை, மெஷின் நின்னுச்சே, அப்ப நீ என்ன சொன்ன?" என்றேன்.

அவள் மந்திரி இருந்த இடத்தைப் பார்த்தாள். அதையும் எடுத்துவிட்டிருந்தேன். "அது இல்லல்ல இப்ப?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"தெரிஞ்சுதான் சொன்னேன்" என்றாள்.

அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள்.

"மொத நாள் உங்க சத்தம் தாங்காம சொன்னேன். சொன்ன உடனே மூச்சு நின்னு போச்சு. ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு அதையேதான் யோசிச்சேன். நீ அவன்தான் பண்ணான்னு டாக்டர்கிட்ட வரைக்கும் சொல்ற. அவன் பண்ணல, என் வார்த்தைதான் பண்ணுச்சோன்னு எனக்கு ஒரு சந்தேகம். சும்மா சந்தேகத்துல எப்படிச் சொல்றது? அதான் வீட்டுக்கு வந்ததும் நாக்காலிய இழுத்துப் போட்டு, பொத்தான் மேல விரல வெச்சுக்கிட்டு ஒரு தடவ சொல்லிப் பாத்தேன். நின்னுச்சு. தானா திரும்ப வருதான்னு நாப்பது எண்ணினேன். வரல. அதுக்கு மேல தைரியம் இல்ல, அமுக்கிட்டேன்."

"ஏம்மா எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா? பெட்டி அவனோடது, பிளக்கு உன்னோடது. யாரு மேல தப்புன்னு மறுபடி ஆரம்பிப்பீங்க. அப்புறம் ரெண்டு பேரும் சேந்து ஒண்ணே ஒண்ணு சொல்வீங்க, இவள இங்க விட்டு வெக்க முடியாதுன்னு. ஒரு வார்த்தைதானே. விட்டுட்டா போச்சுன்னு விட்டுட்டேன்."

ஒரு மாதம், தம்பி. ஒரு மாதமாக அந்தச் சொல்லைச் சொல்லாமல் இருந்திருக்கிறாள். பாட்டை நிறுத்தச் சொல்ல முடியாமல் நாள் முழுக்க ரேடியோ கேட்டிருக்கிறாள். தூக்கத்தில் உளறிவிடுவோமோ என்று பயந்து நாற்காலியிலேயே சாய்ந்து தூங்கியிருக்கிறாள். காற்றாவது ஒன்றாவது. நான் வைத்ததையெல்லாம் தின்றிருக்கிறாள். பசி திரும்பிவிட்டது என்று உனக்குப் பெருமையாக எழுதினேனே, அந்த வரியை எடுத்துக் கிழித்துவிடு.

நீ பயந்த மாதிரி இல்லை. அதை முதலில் எழுதியிருக்க வேண்டும், மன்னித்துக்கொள். அவளுக்குப் போதும் என்று ஆகவில்லை. இருக்கத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

இல்லத்துக்காரர்களுக்குப் போன் செய்து படுக்கை வேண்டாம் என்றேன். சரியா தப்பா என்று தெரியவில்லை, பயமாகத்தான் இருக்கிறது. மின்சாரம் போனால் என்ன செய்வது என்று தையல்காரம்மாவிடம் பேசினேன். சாவி ஒன்று அவரிடம் இருக்கும், தைக்கிற மேசையை இந்தச் சுவர்ப் பக்கம் மாற்றிக்கொள்கிறேன் என்றார். நீ ஏதாவது அனுப்புவதானால் மின்சாரம் நின்றால் கத்துகிற மணி ஒன்று அனுப்பு. ஆப் வேண்டாம், பேர் வைக்க வேண்டாம், யாரோடும் அது பேச வேண்டாம். சத்தமாகக் கத்தினால் சரி.

மதியம் சாப்பாடு போட்டேன். இரண்டு கரண்டி வைத்துவிட்டு மூன்றாவதை எடுத்துக்கொண்டு நின்றேன். அவள் கை தன்னால் தட்டை மூடப் போயிற்று. பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள்.

"போதும்" என்றாள். அவ்வளவு சின்னக் குரலில்.

நாங்கள் இருவரும் அசையவில்லை. என் கையில் கரண்டி அப்படியே நின்றது. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் சத்தமாக இன்னொரு தடவை சொன்னாள். ஓடிக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. தண்ணீர் கொடுத்தால் போதும், தலையணை வைத்தால் போதும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் போதும், போதும் என்று மாலை வரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். ஒவ்வொரு தடவையும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது, ஒவ்வொரு தடவையும் அந்த மெஷினைத் திரும்பிப் பார்க்கிறேன். அதைப் பார்த்து இன்னும் சிரிக்கிறாள்.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. நாம் கத்த ஆரம்பித்தால் அவள் சொல்லட்டும்.

அக்கா